பதினைந்து பவுண்டு

கிணற்றில் தண்ணீர் சேந்தியவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். நிறைகுடம் கனத்துக்கொண்டு மேலே வரும், கயிறு உள்ளங்கையை அறுக்கும். பாதி வழியில் குடம் உறைச்சுவரில் மோதித் தண்ணீர் கொட்டிவிட்டால் கை சட்டென்று லேசாகிவிடும். காம்பவுண்ட் வில்லை முதன்முதலாக இழுத்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது. ஒரு சாண் தூரம் இழுப்பதற்குள் கனம் உச்சத்துக்கு ஏறிவிட்டது. தோள்பட்டை நடுங்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். இனி முடியாது என்று தோன்றிய இடத்தில் கனம் கரைந்தது. நாண் தாடையருகே வந்து, சுவரில் முட்டியதுபோல நின்றது. வில் முழுக்க வளைந்திருந்தது, அம்பைப் பாய்ச்சும் ஆற்றல் மொத்தமும் அதற்குள் அடங்கியிருந்தது. என் கையில் இருந்ததோ உச்சக் கனத்தில் மூன்றில் ஒரு பங்குதான்.

அந்த வியப்பில் நாணை விட்டுவிடப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். நாணில் அம்பு இல்லை. அம்பில்லாமல் நாணை விட்டால் அத்தனை ஆற்றலும் போக இடமில்லாமல் வில்லுக்குள்ளேயே திரும்பும். நாண் அறுந்து தெறிக்கலாம், வில்லின் கைகள் பிளக்கலாம், நுனியிலுள்ள சக்கரம் உடைந்து முகத்தில் அடிக்கலாம். மெல்ல மெல்ல முன்னால் விடச் சொன்னார். இழுத்ததைவிட விடுவது கடினமாக இருந்தது.

இது நடந்தது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், பாராபூ என்ற சிறிய ஊருக்கு அருகே, என் அண்டைவீட்டுக்காரரின் கார் கொட்டகையில். தச்சுவேலை செய்து ஓய்வு பெற்றவர், வயது 67. ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் வெண்வால் மான் வேட்டைக்குப் போகிறவர். அந்த மாநிலத்தில் வில் வேட்டைக்கான பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரித் தொடக்கம் வரை நீள்கிறது. உரிமம் வாங்கி, வரம்புக்குள் வேட்டையாடி, இறைச்சியைக் குளிர்பெட்டியில் வைத்துக் குளிர்காலம் முழுவதும் சமைத்துச் சாப்பிடும் குடும்பங்கள் அங்கே ஏராளம். நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே குற்றப் பத்திரிகையில்தான் வருகிறது. அங்கே அது வனத்துறையே நாள் குறித்து, எண்ணிக்கை குறித்து நடத்தும் காரியம். அந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டும்.

பெரியவரிடம் இருந்த வில்லுக்கு வயது இருபதைத் தொட்டிருந்தது. ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வில் நிறுவனங்கள் புதிய மாடல்களை வெளியிடுகின்றன. வழவழப்பான விளம்பரத் தாள் ஒன்றை என்னிடம் நீட்டினார். புது வில்லின் விலை ஆயிரம் டாலருக்கு மேல். குறிபார்க்கும் கருவி, அம்புக்கூடு எல்லாம் சேர்த்தால் இன்னும் கூடும். இதை வைத்துக்கொள்வதா, அதை வாங்குவதா? இயற்பியல் படித்தவன்தானே, கணக்குப் போட்டுச் சொல் என்றார். நான் போட்ட கணக்கும் அது என்னை இட்டுச்சென்ற இடமும்தான் இந்த அத்தியாயம்.

கேள்வி எழுந்த மண்ணும் சாதாரணமானதில்லை. விஸ்கான்சினில் 1934-ல் வில்லுக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் அறிவிக்கப்பட்டது. அனுமதிக்கப்பட்டவை சாக், கொலம்பியா என்ற இரண்டு மாவட்டங்கள். பாராபூ இருப்பது சாக் மாவட்டத்தில். சூழலியல் சிந்தனையாளர் ஆல்டோ லியோபோல்ட் பழைய கோழிக் கொட்டகை ஒன்றைச் செப்பனிட்டு வாரக்கடைசியில் குடும்பத்தோடு தங்கியதும் அதே ஊருக்குப் பக்கத்தில்தான். அவர் தன் வில்லைத் தானே மரத்தில் செதுக்கிக்கொண்டவர். அவருடைய மனைவி எஸ்டெல்லா வில்வித்தையில் மாநிலச் சாம்பியன். வேட்டைக்காரர்களின் தோளில் ஏறிக்கொண்டே போகும் கருவிகளின் கனம் அவர்களுடைய திறமையைத் தின்றுவிடுமோ என்ற கவலையையும் லியோபோல்ட் எழுதி வைத்திருக்கிறார். அவர் 1948-ல் காலமானார். காம்பவுண்ட் வில்லை அவர் பார்க்கவில்லை.

அதைப் படைத்தவர் மிசூரி மாநிலத்தின் ஹோலஸ் வில்பர் ஆலன். சாதாரண வில்லின் நுனிகளை அறுத்துவிட்டு, அங்கே கப்பிகளைப் பொருத்திப் பார்த்தார். 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1969 டிசம்பர் 30 அன்று கிடைத்தது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதர்கள் வில் செய்திருக்கிறார்கள். மரம், கொம்பு, நரம்பு என்று பொருள்கள் மாறின, வளைவுகள் மாறின. ஆனால் ஒரு குணம் மாறவே இல்லை: இழுக்க இழுக்கக் கனம் கூடும், மிக அதிகக் கனம் குறிபார்க்கும் கணத்தில்தான் கையில் இருக்கும். உடல் நடுங்கக் கூடாத நேரத்தில்தான் அது அதிகமாக நடுங்கும். ஆலன் கைவைத்தது அந்தக் குணத்தில்.

அவருடைய கப்பியின் அச்சு நடுவில் இல்லை, ஓரமாகத் தள்ளியிருந்தது. நாண் இழுபடும்போது சக்கரம் சுழல்கிறது. தொடக்கத்தில் நாணுக்கும் அச்சுக்கும் இடையே தூரம் குறைவு, அதனால் அதிக விசை வேண்டியிருக்கிறது. சக்கரம் சுழலச் சுழல நாண் அச்சிலிருந்து விலகிப் போகிறது. கடப்பாரையை நுனியில் பிடித்துப் பாறையை நெம்புவதுபோல, சிறிய விசையே வில்லின் கைகளை வளைத்த நிலையில் தாங்கிக்கொள்ளப் போதுமானதாகிறது. இப்படிக் கடைசியில் குறையும் பங்கைத்தான் லெட்-ஆஃப் என்கிறார்கள். முதல் தலைமுறை வில்களில் அது பாதியளவில் இருந்தது. பெரியவரின் பழைய வில்லில் 65 சதவீதம். இப்போதைய வேட்டை வில்களில் 80 முதல் 90 சதவீதம் வரை போகிறது.

இனி ஒரு வரைபடத்தை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். கிடைக்கோட்டில் நாண் இழுபட்ட தூரம், செங்குத்துக் கோட்டில் அதற்கு வேண்டிய விசை. பழைய மர வில்லுக்கு இது ஏறக்குறைய ஒரு முக்கோணம்: சுழியத்தில் தொடங்கிச் சாய்வாக ஏறி உச்சத்தில் முடியும். காம்பவுண்ட் வில்லுக்கோ கொல்லிமலைபோல ஒரு மேட்டுநிலம்: செங்குத்தாக ஏறி, மேலே சமமாக நீண்டு, மறுபக்கம் பள்ளத்தாக்கில் இறங்கும். அந்தக் கோட்டுக்குக் கீழே அடைபடும் பரப்பளவுதான் வில்லுக்குள் சேமிக்கப்படும் ஆற்றல்.

பெரியவரின் வில் 70 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 32 கிலோ கனம். நாண் பயணிக்கும் தூரம் அரை மீட்டர். உச்ச விசை தொடக்கம் முதல் கடைசிவரை அப்படியே நீடித்தால், பரப்பு ஒரு முழுச் செவ்வகமாக இருக்கும்: சுமார் 155 ஜூல். முக்கோணமாக இருந்தால் அதில் பாதி. காம்பவுண்ட் வில் செவ்வகத்தில் நான்கில் மூன்று பங்கை ஒட்டிப் பிடித்துவிடுகிறது. முழுச் செவ்வகத்தை எந்தப் பொறியாளராலும் எட்ட முடியாது. ஏறுவதற்கு ஒரு சரிவு வேண்டும், இறங்குவதற்கு ஒரு பள்ளத்தாக்கு வேண்டும். பள்ளத்தாக்கு இல்லாவிட்டால் அது காம்பவுண்ட் வில்லே இல்லை.

ஆக, இங்கே ஒரு கூரை இருக்கிறது. சேமிக்கும் பரப்பில் இன்னும் கொஞ்சம்தான் இடம் மிச்சம். சேமித்ததை அம்புக்குக் கொடுப்பதிலும் நல்ல வில்கள் 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. அதற்கு மேல் வேகம் என்பது இருமடி விதியில் சிக்கிக்கொள்கிறது: அதே அம்பு பத்துச் சதவீதம் வேகமாகப் போக வேண்டுமானால் ஆற்றல் 21 சதவீதம் கூட வேண்டும். கடந்த பல ஆண்டுகளாக முன்னணி வேட்டை வில்களின் விளம்பர வேகம் பெரும்பாலும் நொடிக்கு 330 முதல் 350 அடிக்குள்ளேயே உலவிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம்.

அந்த விளம்பர வேகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பெரியவர் காட்டிய தாளில் 335 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த எண், 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுப்பு நீளம், 350 கிரெயின் எடையுள்ள அம்பு என்ற நிபந்தனைகளில் அளக்கப்படுவது. ஒரு கிராம் என்பது பதினைந்து கிரெயினுக்குச் சற்று மேல், ஆகவே 350 கிரெயின் என்பது வெறும் 22.7 கிராம். பெரியவரின் கைநீளத்துக்கு இழுப்பு 28 அங்குலம்தான். ஓர் அங்குலம் குறைந்தால் நொடிக்குச் சுமார் 10 அடி போகும் என்பது வில்கடைகளில் எல்லாருக்கும் தெரிந்த தோராயம். எனவே 20 போயிற்று. அவர் பயன்படுத்தும் அம்பு 420 கிரெயின், ஏறத்தாழ 27 கிராம். மூன்று கிரெயின் கூடினால் ஓர் அடி குறையும். எனவே இன்னொரு 23 போயிற்று. நாணில் கட்டும் சிறு வளையம், கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்கும் துளை ஆகியவற்றின் எடையும் தன் பங்கைத் தின்னும். 335 என்று எழுதிய வில் அவர் கையில் 290 கொடுத்தாலே பெரிது. விளம்பரத்தில் பொய் இல்லை. அது வேறொரு உடலுக்கான கணக்கு, அவ்வளவுதான்.

பழைய வில்லைப் பின்முற்றத்தில் வேகமானி வைத்து அளந்தோம்: நொடிக்கு 262 அடி, அதாவது 80 மீட்டர். அளந்துவிட்டு அவர் கேட்டதுதான் சரியான கேள்வி: இந்த வேகத்துக்கும் அந்த வேகத்துக்கும் மானுக்கு என்ன வித்தியாசம்?

மானுக்கு முதலில் எட்டுவது அம்பு இல்லை, ஒலி. நாணை விட்டதும் எழும் சத்தம், அந்தக் குளிர்காற்றில், நொடிக்கு 335 மீட்டர் வேகத்தில் போகிறது. அம்பு அதில் கால் பங்கு வேகத்தில் பின்னால் வருகிறது. வெண்வால் மான் திடுக்கிட்டால் முதலில் தாவுவதில்லை. தாவுவதற்குத் தன்னைச் சுருட்டிக்கொள்ளும், முழங்கால்களை மடக்கி உடம்பைக் கீழே விடும். அந்தக் கணத்தில் அதன் முதுகு தன் எடையிலேயே விழுகிறது. நெஞ்சைக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போகும். அல்லது, இன்னும் கொடுமையாக, முதுகெலும்பை ஒட்டிய சதையில் பாயும். அடிபட்ட மான் காட்டுக்குள் ஓடி, நாள்கணக்கில் துன்புறும். இந்தக் கணக்கு முழுவதும் அந்த ஒரு காட்சியைத் தவிர்ப்பதற்காகத்தான். எனக்கும் பெரியவருக்கும் அதில் கருத்து வேறுபாடே இல்லை.

தூரம் 30 கஜம் என்று வைத்துக்கொள்வோம், 27.4 மீட்டர். அம்பு சேர 0.34 நொடி, ஒலி சேர 0.08 நொடி. மானுக்குக் கிடைக்கும் அவகாசம் 0.26 நொடி. சத்தத்தைக் கேட்டு உடம்பு அசையத் தொடங்க ஒரு பத்திலொரு நொடி என்று கொண்டால், விழுவதற்கு மிச்சமிருப்பது 0.16 நொடி. புவியீர்ப்பில் அந்த நேரத்தில் ஒரு பொருள் சுமார் 13 சென்டிமீட்டர் விழும். இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதியின் குறுக்களவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். நடுவில் குறிவைத்த அம்பு விளிம்பைத் தாண்டிப் போய்விடும்.

இப்போது பத்துச் சதவீதம் வேகமான வில். அதே 30 கஜத்தில் மான் விழும் தூரம் 13-லிருந்து 8 சென்டிமீட்டர் சொச்சத்துக்குக் குறைகிறது. நல்லதுதான். பழைய வில்லையே வைத்துக்கொண்டு, 20 கஜத்துக்குள் வரும்வரை காத்திருந்தால்? விழும் தூரம் 3 சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 40 கஜத்தில் பழைய வில்லுக்கு 30 சென்டிமீட்டர், வேகமான வில்லுக்கு 21. இரண்டுமே ஆகாது. ஆயிரம் டாலர் வேகம் செய்வதைவிடப் பத்துக் கஜப் பொறுமை அதிகம் செய்கிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டியபோது பெரியவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பரண் கட்டியிருந்த ஓக் மரத்திலிருந்து மான் தடம் 22 கஜம் என்றார்.

தூரத்தைத் தப்பாக மதிப்பிடும் பிழைக்கும் வேகம் மருந்து என்று ஒரு வாதம் உண்டு. அதையும் போட்டுப் பார்த்தேன். 40 கஜம் என்று நினைத்தது உண்மையில் 42 ஆக இருந்தால், அவருடைய அம்பு 5 சென்டிமீட்டரை ஒட்டித் தாழ்ந்து விழும். பத்துச் சதவீதம் வேகமான அம்பு அதைவிட ஒரு சென்டிமீட்டர் குறைவாகத் தாழும். லேசர் தூரமானி ஒன்று இருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

வேகத்தைவிடச் சத்தம் முக்கியம் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது அந்த இடத்தில்தான். சத்தம் எங்கிருந்து வருகிறது? வில் சேமித்ததில் அம்பு எடுத்துக்கொள்ளாத மிச்சம்தான் அதிர்வாகவும் ஒலியாகவும் வெளியேறுகிறது. இதைத் தெளிவாக்கியவர்கள் அமெரிக்காவின் அறிவியல் வில்வித்தைத் தலைமுறையினர்: பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிளாரென்ஸ் ஹிக்மன், இயற்பியலாளர் பால் கிளாப்ஸ்டெக், பொறியாளர் ஃபாரஸ்ட் நாக்லர். மூவரும் தொகுத்த கட்டுரை நூல் 1947-ல் வந்தது. கிளாப்ஸ்டெக் ஓர் அழகான எண்ணத்தைத் தந்தார். நாண் விடுபடும்போது அம்பு மட்டும் ஓடுவதில்லை. நாணும் வில்லின் நுனிகளும் சேர்ந்துதான் ஓடுகின்றன. அவற்றை ஓட்டும் செலவை, அம்போடு ஒட்டிக்கொண்ட ஒரு கற்பனைச் சுமையாக வைத்துக்கொள்ளலாம் என்றார். மாயச் சுமை என்று நான் அதைச் சொல்வேன். அம்பு எந்த எடையாக இருந்தாலும் அந்தச் சுமை ஏறத்தாழ மாறாது.

அந்தச் சுமை 5 கிராம் என்று வையுங்கள். 23 கிராம் அம்புக்கு மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் மாயச் சுமைக்குப் போய்விடும். 32 கிராம் அம்புக்கு ஏழில் ஒன்றுக்கும் குறைவு. கனமான அம்பு மெதுவாகப் போகிறது, ஆனால் வில்லிடமிருந்து அதிக ஆற்றலை வாங்கிக்கொண்டு போகிறது. மிஞ்சுவது குறைவு, சத்தம் குறைவு, கையில் உதறல் குறைவு. அம்பில்லாமல் நாணை விடப்போன என் கையைப் பெரியவர் பிடித்ததன் கணக்கும் இதுதான்: அம்பின் எடை சுழியமானால் முழு ஆற்றலும் மாயச் சுமையின் தலையில்.

புதிய வில்கள் சத்தத்தில் முன்னேறியிருக்கின்றன என்பதை மறுக்க முடியாது. பழைய வில்லில் கைகள் இரண்டும் ஓரளவு நிமிர்ந்து நிற்கும். நாண் விடுபட்டதும் இரண்டும் சேர்ந்து முன்னால் பாயும், வில்லும் கையை இழுத்துக்கொண்டு துள்ளும். புதியவற்றில் அவை ஏறக்குறைய ஒன்றுக்கொன்று இணையாக, மேலும் கீழுமாகப் படுத்திருக்கின்றன. ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகிறது. இரண்டின் உதைப்பும் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. பிறகு வில்கடையில் சோதித்தபோது புதிய வில் கையில் ஒரு தட்டுத் தட்டியதோடு நின்றது.

கடைக்குப் போவதற்கு முன்னால் பழைய வில்லின் உடல்நிலையைப் பார்க்க வேண்டியிருந்தது. பெரியவர் ஒரு பிடி பஞ்சை எடுத்துவந்தார். வில்லின் கைகளில் மேலிருந்து கீழாக, விளிம்புகளில், சக்கரம் பொருந்தும் கவையில், பஞ்சை மெல்லத் தடவிக்கொண்டே போனார். கண்ணாடியிழையில் மயிரிழை அளவு பிளவு இருந்தாலும் பஞ்சு இழுபட்டு ஒரு நூல் அங்கே சிக்கிக்கொள்ளும். எங்கும் சிக்கவில்லை. நாணோ பரிதாபமாக இருந்தது. மெழுகு காய்ந்து இழைகள் மீசைபோலச் சிலிர்த்துக்கொண்டிருந்தன. இன்றைய நாண்கள் கப்பல் கயிறும் மீன்வலையும் செய்யும் பாலிஎத்திலீன் இழையில் திரிக்கப்படுகின்றன. எஃகை மிஞ்சும் வலிமை அவற்றுக்கு உண்டு. ஆனால் நெடுநாள் இழுவிசையில் கொஞ்சம் கொஞ்சமாக நீளும் குணமும் உண்டு. நாண் நீண்டால் மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் ஒரே நேரத்தில் சுழன்று முடியாது, அம்பு வாலை ஆட்டிக்கொண்டு போகும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய நாணை அவர் ஆறு ஆண்டுகளாக மாற்றவில்லை.

அம்பு வாலாட்டுவதைக் கண்ணால் பார்க்க ஒரு எளிய வழி காட்டினார். ஒரு மரச்சட்டத்தில் செய்தித்தாளை இழுத்துக்கட்டி, ஆறடி தள்ளி நின்று அதனூடாக அம்பை எய்தார். அம்பு நேராகப் போயிருந்தால் தாளில் ஒரு துளையும் அதைச் சுற்றி இறகுகளின் கீறலும் இருக்கும். அவருடைய தாளில் ஒன்றரை அங்குலத்துக்கு இடதுபக்கமாகக் கிழிசல். முனை ஒரு வழியும் வால் இன்னொரு வழியுமாகப் போயிருக்கின்றன. பல பேர் புதிய வில் வாங்க முடிவெடுப்பது இந்தக் கிழிசலைத் தங்கள் வில்லின் வயது என்று நினைத்துத்தான். புதிய நாணும் அரைநாள் சீரமைப்பும் புதிய வில்லின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும்.

ஆக, என் தாளில் விடை தயாராக இருந்தது. வேகத்தில் பெரிய லாபம் இல்லை. 22 கஜத்தில் அது தேவையும் இல்லை. வில்லின் உடல் திடமாக இருக்கிறது. நாணை மாற்று, அம்பைக் கொஞ்சம் கனமாக்கு, வில்லை வைத்துக்கொள். கோடிட்டு எழுதி அவரிடம் கொடுத்தேன். அவரும் தலையாட்டினார். நாண் வாங்கத்தான் கடைக்குப் போனோம்.

கடைக்காரர் சும்மா இழுத்துப் பாருங்கள் என்று புதிய வில் ஒன்றை நீட்டினார், 55 பவுண்டில் வைத்து, அம்பு பூட்டி, இலக்கை நோக்கி நிற்கவைத்து. பெரியவர் இழுத்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். நான் விளையாட்டாகக் கைக்கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நிமிடம் தாண்டிப் பத்து நொடி ஆனபிறகு எய்தார். பிறகு தன் பழைய வில்லை எடுத்து அதேபோல் இழுத்து நின்றார். பதினைந்தாவது நொடியில் முழங்கை ஆடத் தொடங்கியது. இருபத்திரண்டாவது நொடியில் முகம் சிவந்து, நாணை விட்டுவிட்டார். அம்பு இலக்கின் ஓரத்தில் போய்த் தைத்தது.

என் கணக்கில் நான் விட்டுவிட்ட வரி அதுதான். 70 பவுண்டில் 65 சதவீதம் குறைந்தால் கையில் நிற்பது 24.5 பவுண்டு, 11 கிலோ. 55 பவுண்டில் 85 சதவீதம் குறைந்தால் 8 பவுண்டுச் சொச்சம், நாலு கிலோகூட இல்லை. நான் அம்பையும் மானையும் கணக்கில் எடுத்தேன். பரணில் பனிக்குளிரில் மூன்று மணிநேரம் அசையாமல் உட்கார்ந்து விறைத்துப்போன ஓர் அறுபத்தேழு வயதுத் தோளை எடுக்கவில்லை. மான் நம் வசதிக்கு நிற்பதில்லை. மரத்துக்குப் பின்னால் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போது வில்லை இழுத்தாகிவிட்டது. இனி அசைந்தால் மான் பார்த்துவிடும். அது ஓரடி முன்னால் வைக்கும்வரை தாங்க வேண்டும். தாங்க முடியாத கை அவசரப்படும். நாள்கணக்கில் துன்புறும் மான்களில் எத்தனையோ அந்த அவசரத்தில் அடிபட்டவை.

நம்மூர் வாசகர்கள் இந்தத் தாங்குதலைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார்கள். 2023-ல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டில் காம்பவுண்ட் வில்லுக்கான ஐந்து தங்கங்களையும் இந்தியா வென்றது. வீராங்கனை ஜோதி சுரேகா முழு இழுப்பில் சலனமில்லாமல் நின்று, 50 மீட்டரில் இருக்கும் மஞ்சள் வட்டத்துக்குள் அம்பை வைத்ததற்குப் பின்னால் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. கூடவே ஆலனின் ஓரம் தள்ளிய சக்கரமும் இருக்கிறது. அந்தப் போட்டி வில்களுக்கு 60 பவுண்டுதான் மேல்வரம்பு. 70 பவுண்டு இருந்தால்தான் வில் என்ற வீம்பு வேட்டைக்காரர்களிடம்தான் அதிகம். விஸ்கான்சினில் மான் வேட்டைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்ச இழுவிசையே 30 பவுண்டுதான்.

கடையின் பின்புறத்தில் வேகமானி இருந்தது. பெரியவரின் அதே 420 கிரெயின் அம்பை, 55 பவுண்டில் வைத்த அந்தப் புதிய வில்லில் எய்து பார்த்தோம். 254 என்றது. பழைய வில்லைவிட 8 அடி மெதுவு. 20 கஜத்தில் அந்த வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் ஏழு பங்கு. இருபது ஆண்டுப் பொறியியல் முன்னேற்றம் அத்தனையும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. செவ்வகத்தை இன்னும் நிரப்பிய சக்கரம், இலகுவான கைகள், அதிகம் நீளாத நாண் எல்லாம் சேர்ந்து தரும் ஆதாயத்தை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ளலாம். இழுவிசையை அப்படியே வைத்துக்கொண்டு வேகமாக எடுக்கலாம். விளம்பரங்கள் காட்டுவது அந்த ஒன்றைத்தான். அல்லது வேகத்தை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, இழுவிசையைக் குறைத்துத் தோளுக்கு ஓய்வாக எடுக்கலாம். எழுபதுக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடையே பதினைந்து பவுண்டு. ஒவ்வோர் இழுப்பிலும் ஏழு கிலோ.

இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நான் முன்பு எழுதிக்கொடுத்த தாளையே கொடுத்திருப்பேன். நாணை மாற்று, அம்பைக் கனமாக்கு, மிச்சப் பணத்தில் பயிற்சி செய். வில்லின் கையில் பஞ்சு சிக்கினால், இழுப்பு நீளம் உடம்புக்குப் பொருந்தாமல் போனால், உதிரிபாகம் செய்வதையே நிறுவனம் நிறுத்திவிட்டால் யோசிக்க வேண்டியதில்லை, மாற்றிவிடலாம். மற்றபடி, கடையில் வேகமானியைத் தேடிப் போகிறவர்கள் அதற்கு முன்னால் ஒரு நிறுத்துக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு போகட்டும்.

பெரியவர் நான் எழுதிக்கொடுத்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பழைய வில்லைவிட மெதுவான வில்லுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் எண்ணிக்கொடுத்தார். அமெரிக்காவில் தயாரிப்பாளர்கள் இத்தகைய வில்களுக்கு 11 சதவீதம் தனி வரி கட்டுகிறார்கள். அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பராமரிப்புக்குத் திரும்பிப் போகிறது. அந்த வரியைப் பற்றி ரசீதை வாங்கும்போது அவரே சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு திருப்தி இருந்தது.

நவம்பரில் நான் ஊர் திரும்பிவிட்டேன். ஒரு நாள் இரவு தொலைபேசியில் கூப்பிட்டார். அன்று மாலை 22 கஜத் தடத்தில் ஒரு பெரிய ஆண் மான் வந்ததாம். இழுத்துவிட்டார். மான் இன்னோர் ஓக் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டது. எண்ணிக்கொண்டே நின்றிருக்கிறார். எழுபதைத் தாண்டியபோது மான் வெளியே வந்தது. ஆனால் அவரை நேராகப் பார்த்தபடி, நெஞ்செலும்பை முன்னால் காட்டிக்கொண்டு. அந்தக் கோணத்தில் அம்பு எய்யக் கூடாது. இன்னும் கொஞ்சம் நின்று பார்த்தார். அது திரும்பவில்லை. பிறகு, தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பள்ளத்தாக்கிலிருந்து மேட்டுக்குக் கனம் திரும்ப ஏறும் அந்த இடத்தில் ஒரு சத்தமும் எழாமல், நாணை அங்குலம் அங்குலமாக முன்னால் விட்டிருக்கிறார். மான் காதை ஆட்டியதாம். பிறகு தலையைக் குனிந்து ஓக் கொட்டைகளைப் பொறுக்கத் தொடங்கியதாம்.